தொட்டி கழுவவில்லை, தோளுக்குத் தூக்கினாள்

ஆம்பூர்,
திங்கட்கிழமை காலை.

ஆற்காட்டில் இருந்தபடியே நம் சொந்தபந்தம் முழுவதையும் கண்காணித்துவரும் மரியாதைக்குரிய அக்கா கெங்கம்மாள் அவர்களுக்கு, தம்பி பஞ்சாட்சரம் பணிவுடன் தெரிவிப்பது:

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கள் தம்பி மகள் ஜோதி அறுபது கிலோ எடையைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தோள்வரை தூக்கி நிமிர்ந்து நின்றாள். இந்தச் செய்திக்கு ஆதாரம் நானே. கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். எடைத் தட்டுகளை மாட்டும்போதே கூட்டியும் பார்த்தேன். பெற்றவன் வாக்குமூலம் செல்லாது என்று தாங்கள் கருதினால், தேர்வுக் குழுவின் தலைவர் சமீருல்லா பாய் உறுதிசெய்வார். அவர் இங்கே உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர், யாரையும் லேசில் புகழாதவர். அறுபது கிலோ என்பது நிரம்பிய கேஸ் சிலிண்டர் இரண்டு. தங்கள் வீட்டில் ஒரு சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்பங்கரைக்கு நகர்த்த மாமாவும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து வருவார்கள் என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

இங்கே நானும் செல்லம்மாளும் ஜோதியும் சுகமாக இருக்கிறோம். என் மோவாயில் ஒரு பிளாஸ்திரி இருக்கிறது. காரணம் உரிய இடத்தில் வரும். மாமாவின் இருமல் நின்றுவிட்டதாகத் தகவல் கிடைத்தது. தகவல் மாமாவிடமிருந்தே வந்ததால் இன்னும் நம்பவில்லை. தங்கள் முழங்கால் பற்றி இரண்டு வரி எழுதவும். அக்கா, மரியாதைப் பகுதி இத்துடன் முடிந்தது. 'தாங்கள்' என்று எழுதிக்கொண்டே மனத்தில் உள்ளதைச் சொல்ல எனக்கு வரவில்லை. இனி 'நீ'தான்.

இந்தக் கடிதம் ஒரு திருத்தம். பத்திரிகையில் தவறான செய்தி வந்தால் நாங்கள் மறுநாள் அதே பக்கத்தில் வருத்தம் தெரிவிப்போம். குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. போனில் பேசப்போய்த்தான் இவ்வளவும் வந்தது என்பதால் எழுதுகிறேன். போன வாரம் நீ போன் செய்தபோது நான் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். "ஜோதி இன்னாடா பண்றா?" என்று கேட்டாய். "பவர் க்ளீன் பண்றாக்கா. ஃபேக்டரிலயே அதுல அவளை அடிச்சிக்க ஆளே கெடையாது" என்றேன். "யாரு, நம்ம ஜோதியா?" என்றாய். "ஆமாக்கா. பாக்கவே பெருமையா இருக்கு" என்றேன். "பி.காம். படிக்க வச்சது தொட்டி கழுவறதுக்காடா? அதுல பெருமை வேறயா உனக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நான் திரும்பக் கூப்பிட்டேன். உன் போன் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தது. இரவு சாப்பாட்டு நேரம்வரை அது ஓயவே இல்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

விளைவுகளைச் சொல்கிறேன். ராணிப்பேட்டைச் சித்தப்பா மகன் கூப்பிட்டு, "அண்ணே, கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாங்க செத்தா பூட்டோம்?" என்று அழுதார். குடியாத்தத்து மைத்துனி செல்லம்மாளிடம், "தைரியமா இரு, காலம் மாறும்" என்றாள். காட்பாடியிலிருந்து யாரோ ஒருவர், பெயர் எழுதாமல், முழங்கைவரை வரும் ரப்பர் கையுறைகளைக் கூரியரில் அனுப்பியிருக்கிறார். தரமான கையுறைகள், செல்லம்மாள் பாத்திரம் கழுவ எடுத்துக்கொண்டாள். நான் ஒவ்வொருவரிடமும் விளக்கினேன். பவர் க்ளீன் என்பது பளு தூக்கும் பயிற்சி, தரையில் கிடக்கும் இரும்புக் கம்பியை வேகமாகத் தோளுக்கு எடுப்பது என்று சொல்லச் சொல்ல, அவர்கள் குரலில் இரக்கம் ஜாஸ்தியானதே தவிரக் கம்மியாகவில்லை. ராணிப்பேட்டைத் தம்பி கடைசியில், "சரி அண்ணே, நீ சொல்றபடியே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், நீ கவலைப்படாதே" என்றார். நான் ஏதோ கதை கட்டுவதாகவும் அவர் அதைக் காப்பாற்றித் தருவதாகவும் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது.

உன் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துத் தோல் ஃபேக்டரிகளில், வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருவதற்கு முன் பெரிய பம்பு வைத்துத் தரையையும் தொட்டியையும் தண்ணீரால் அடித்துக் கழுவுவார்கள். அதற்கும் இங்கே பெயர் பவர் க்ளீன்தான். ராணிப்பேட்டையிலும் அப்படித்தான் சொல்வார்கள். சொல் ஒன்று, வேலை இரண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கழுவுகிற வேலை கேவலம் என்பதற்காக நான் திருத்தம் கேட்கவில்லை. ஜோதியே சொல்லிவிட்டாள். "கழுவினா இன்னாப்பா தப்பு? அந்த வேலைய செய்றவங்க பேர எனக்குக் குடுத்துட்டாங்க பாரு, அதான் தப்பு" என்றாள்.

இனி விஷயம். ஜோதி வேலை பார்க்கும் ஷூ ஃபேக்டரியும் அக்கம்பக்கத்து ஃபேக்டரிகள் சிலவும் சேர்ந்து, பழைய கோடவுன் ஒன்றைப் பெண் தொழிலாளர்களுக்கான உடற்பயிற்சி அறையாக மாற்றியிருக்கின்றன. அதற்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும். உள்ளே வேலை செய்கிற பெண்களிலிருந்தே எடுப்பது என்று முடிவு. ஜோதி ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் நாள் முழுதும் மெஷின் முன் உட்கார்ந்திருக்கிறாள். வேலை முடிந்ததும் சமீருல்லா பாயின் கூடத்துக்குப் போய் எடை தூக்குகிறாள். இந்த இடம் கிடைத்தால் மெஷினை விட்டு எழுந்துவிடலாம். தனக்குப் பிடித்ததே தனக்கு வேலையாகிவிடும். அவள் அதிகம் ஆசைப்பட்டுக் கேட்கிற பெண் இல்லை என்பது உனக்குத் தெரியும். இதை மட்டும் வாய்விட்டுக் கேட்டாள். "இது மட்டும் கெடைச்சா போதும்பா" என்றாள். எதிரே நிற்பது முபஷ்ஷிரா. தோல் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற பெண். ஜோதியும் அவளும் சமீருல்லா பாயின் கூடத்தில் பழகியவர்கள், ஒருவரையொருவர் 'தோஸ்த்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசியில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான்.

தேர்வுக் குழு ஒரே ஒரு கேள்வி வைத்தது. வேலை முடிந்து வருகிற பெண்ணுக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும். அறையில் ஒரே ஒரு எடைக் கம்பிதான் இருக்கிறது. உடம்பு முழுவதற்கும் பலம் வர வேண்டும்; அந்தப் பலம் சட்டென்று வேகமாக வெளிப்படவும் வேண்டும். ஒரே ஒரு பயிற்சிதான் சொல்லித்தர முடியும் என்றால் எதைச் சொல்லித்தருவாய்? அதைச் செய்து காட்ட வேண்டும், எடையே தொடாத ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், பிறகு அறைக்குள் தனியாகப் போய்க் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும்.

கேள்வியைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தச் செய்தியானாலும் நாலு பேரை விசாரிப்பது என் தொழில். விசாரித்தேன். தோல் மண்டியில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர்கள் டெட்லிஃப்ட்தான் என்றார்கள். தரையிலிருந்து எடுத்துக் கையைத் தொங்கவிட்டபடி நிற்பது. "தூக்கிட்டா முடிஞ்சிது சார். அதுக்கு மேல எங்க கொண்டுபோறது?" என்று கேட்டார் மேஸ்திரி. அதை வீட்டில் வந்து சொன்னேன். "டெட்டாவது கிட்டாவது, அந்தப் பேர வச்சிக்கினு இந்த வீட்ல எதுவும் செய்யக்கூடாது" என்றாள் செல்லம்மாள். ஆட்டோ ஸ்டாண்டில் பெஞ்ச் பிரஸ் என்றார்கள். ஏன் என்றதற்கு, "படுத்துக்கினே செய்லாம் சார்" என்றார் ஒருவர். இவ்வளவு நேர்மையான பதிலை நான் சமீபத்தில் எந்தப் பேட்டியிலும் கேட்டதில்லை. பிரியாணி மாஸ்டர் ஒருவர் தம் போட்ட தேக்சாப் பாத்திரத்தைக் காட்டி, "இதை எறக்கிப் பாருங்க, அப்புறம் வந்து கேள்வி கேளுங்க" என்றார். முபஷ்ஷிரா கூடத்தில் ஸ்குவாட்தான் செய்வாள். தோளில் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. பெரும்பாலானோர் அதற்குத்தான் ஓட்டு போட்டார்கள் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜோதியிடம் பவர் க்ளீன் எப்படிச் செய்வது என்று விளக்கச் சொன்னேன். "மொதல்ல காலு தரைய தள்ளும்பா. அப்புறம் இடுப்பு ஒரு வெட்டு வெட்டும். கை சும்மா கயிறு மாதிரி. பார் மேல பறந்து வரும்போது நாம லேசா கீழ எறங்கி, முழங்கைய முன்னால வீசி, அதைத் தோள்ல வாங்கிக்கணும்" என்றாள். கேட்க எளிதாக இருந்தது. செய்யாத ஒன்றைப் பற்றி எழுதக்கூடாது என்று, வீட்டுக்குள் யாரும் இல்லாதபோது மாப்புக் கம்பை எடுத்துத் தரையில் வைத்து, காலால் தள்ளி, இடுப்பை வெட்டினேன். கம்பு பறந்து வந்தது. நான் கீழே இறங்க மறந்துவிட்டேன். மோவாயில் பட்ட சத்தம் கேட்டு உள்ளே வந்த செல்லம்மாள், கையில் மாப்பும் முகத்தில் ரத்தமுமாக நின்ற என்னைப் பார்த்தாள். "அண்ணி சொன்னது சரிதான் போலக்குது. குடும்பமே க்ளீனிங்ல எறங்கிடுச்சி" என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படி அடிபட்டது என்று கேட்டார். "பவர் க்ளீன்" என்றேன். அவர் புரிந்ததுபோலத் தலையை ஆட்டி, "ஈரத் தரையில பாத்து நடக்கணும் சார், வயசாவுது இல்ல?" என்று தையல் போட்டார். அங்கே நான் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. ஊசி மோவாயில் இருந்தது.

ஞாயிறு வந்தது. அறிவிப்புப் பலகையில், 'ஸ்குவாட்: முபஷ்ஷிரா. பவர் க்ளீன்: ஜோதி. காலை ஒன்பது மணி' என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் போனபோது கோடவுன் வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தரை கண்ணாடிபோலப் பளபளத்தது. தரையில் பதித்திருந்த பலகைகள் ஊறிப்போயிருந்தன. சாக்பவுடர் டப்பா கூழாக இருந்தது. நடுவில் பம்போடு நின்றார் பராமரிப்பு சூப்பர்வைசர் யாசிர். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "ஒம்போது மணிக்குனு போர்டுல போட்ருந்தாங்க. நான் எட்டுக்கே முடிச்சிட்டேன் பாய்" என்றார். சமீருல்லா பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லா! இன்னா பண்ணி வச்சிருக்கே யாசிர்! எக்ஸர்சைஸ்பா அது!" யாசிர் பம்பைப் பார்த்தார், அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். "எக்ஸர்சைஸ்னா எக்ஸர்சைஸ்னு எழுதணும் பாய். க்ளீன்னு எழுதினா நான் க்ளீன்தான் பண்ணுவேன்" என்றார். அதில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அக்கா, உனக்குக் கேட்டது அவருக்கும் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஈரத் தரையில் ஸ்குவாட்கூட எப்படியோ செய்துவிடலாம். பவர் க்ளீனில் பாதம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பும். வழுக்கினால் எடை மேலே விழும். குழுவில் இருந்த பர்சனல் மேனேஜர் வஜீதா மேடம், "ஜோதி மட்டும் இன்னொரு நாள் செய்யட்டுமே" என்றார். இன்னொரு நாள் என்றால் முபஷ்ஷிரா செய்துகாட்டிப் போன பிறகு, எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்த பிறகு. ஜோதிக்கு அது தெரியும். உடனே பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "லோடிங் மேடை காஞ்சிக்கிது மேடம். அங்க செய்றேன்" என்றாள். சிமெண்ட் தரையில் எடையைப் போட்டால் உடைந்துவிடுமே என்றார் சமீருல்லா பாய். அப்போது கழுவ வந்த பெண்களின் தலைவி ரங்கம்மாள், "சோல் வெட்ற ரப்பர் சீட்டு ஸ்டோர்ல அடுக்கி வச்சிக்கிது. விரிச்சா மெத்த மாதிரி இருக்கும்" என்றார். கழுவ வந்த பெண்களே ரப்பர் சீட்டுகளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்து விரித்தார்கள். யாசிரும் தூக்கினார். அவர் மட்டும் ஜாஸ்தி தூக்கினார், பாவம்.

முதலில் முபஷ்ஷிரா. நன்றாகவே செய்தாள், ஒரு தகப்பனுக்கு எழுதக் கஷ்டமான வாக்கியம் இது, ஆனாலும் எழுதுகிறேன். எழுபது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு, நாற்காலி இருப்பதுபோல உட்கார்ந்து, அவசரமில்லாமல் எழுந்தாள். பிறகு ஜோதி. அறுபது கிலோவை அதுவரை அவள் தூக்கியதில்லை என்பது எனக்குத் தெரியும், செல்லம்மாளுக்குத் தெரியாது. முதல் தடவை கம்பி மார்புவரை வந்து, முன்பக்கம் சரிந்து, ரப்பர் சீட்டில் தொம்மென்று விழுந்தது. கை வழுக்கிவிட்டது. செல்லம்மாள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் இன்னும் வலிக்கிறது. "போதும் வந்துர்றி" என்று கத்தினாள். ஜோதி திரும்பிப் பார்க்கவில்லை. முபஷ்ஷிரா தன் பையிலிருந்து காய்ந்த சாக்பவுடரை எடுத்து அவள் கையில் தேய்த்தாள். "தோஸ்த், அவசரப்படாதே. முழங்கைய சீக்கிரம் வீசு, மத்தது தானா வரும்" என்றாள். தன் எதிரிக்கே சொன்னாள். ஜோதி மறுபடி குனிந்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கம்பி எழுந்தது, இடுப்பு வெட்டியது, பாதம் தரையைத் தட்டியது. அடுத்து நான் பார்த்தபோது கம்பி தோளில் இருந்தது, ஜோதி நேராக நின்றுகொண்டிருந்தாள். நடுவில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கண் இமைத்துவிட்டேன். ரங்கம்மாள், "அடி சக்கை!" என்றார். என் தொழிலில் இத்தனை வருஷத்தில் எவ்வளவோ வெற்றி பெற்றவர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். யாருக்கும் கை தட்டியதில்லை. நிருபர் கை தட்டக்கூடாது. நேற்று தட்டினேன்.

கற்றுக்கொள்வதற்கென்று ஏற்பாடு செய்திருந்த பெண்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை என்று வராமல் இருந்துவிட்டார்கள். கழுவ வந்தவர்களிலேயே இருவரைக் கூப்பிட்டார்கள். முபஷ்ஷிராவுக்கு சுகரா பேகம். உட்காரச் சொன்னதும் சிரமமே இல்லாமல் தரையோடு உட்கார்ந்தார். "எழுந்திருங்க ஆன்ட்டி" என்றாள் முபஷ்ஷிரா. "இருமா, காலைலருந்து நின்னுக்கினே இருக்கேன். இப்பதான் சுகமா இருக்குது" என்று அங்கேயே வெற்றிலையை எடுத்தார். முபஷ்ஷிராவும் எதிரே அதேபோல உட்கார்ந்து கொஞ்சம் பேசி, சிரிக்கவைத்துத்தான் எழுப்ப முடிந்தது. அதன் பிறகு சுகரா பேகம் தானாகவே உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். ஜோதிக்கு ரங்கம்மாள். வெறும் கம்பியைக் கொடுத்ததும் அவர் அதைக் குடத்தைப்போல ஒரு பக்க இடுப்புக்குக் கொண்டுபோனார். எல்லோரும் சிரித்தார்கள். "இன்னாடி சிரிப்பு? வந்து தூக்குங்கடி" என்றார். ஜோதி சிரிக்கவில்லை. "அக்கா, இடுப்புல நிறுத்தாதீங்க. தாண்டிப் போவட்டும். பயப்படாம விடுங்க" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பல தடவைக்குப் பிறகு கம்பி ரங்கம்மாளின் தோளுக்குப் போனது. இறக்கச் சொன்னார்கள், இறக்கவில்லை. "மொதல்ல போட்டோ எடுங்க. எங்கூட்டுக்காரர் நம்பமாட்டார்" என்றார். படம் எடுத்தது நான்தான்.

அதன் பிறகு ஒவ்வொருத்தியாக உள்ளே போய்க் குழுவிடம் பதில் சொன்னார்கள். கதவு சாத்தியிருந்தது. ஜோதி சிறிது நேரத்தில் வெளியே வந்து, "பசிக்குதும்மா" என்றாள். உள்ளே என்ன சொல்லியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டெட்லிஃப்டில் பலம் உண்டு, வேகம் இல்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் கால்கள் சும்மா இருக்கின்றன. ஸ்குவாட்டில் கைகளுக்கு வேலை கம்மி. பவர் க்ளீனில் குதிகாலிலிருந்து கழுத்துவரை எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது. தரையில் கிடப்பதைத் தோளுக்குக் கொண்டுபோவதுதானே உலகத்தில் பாதி வேலை? கற்றுக்கொள்வது கஷ்டம் என்பார்கள். ரங்கம்மாள் அதற்குப் பதில் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு பயிற்சி என்றால் அது பவர் க்ளீன்தான். என் மகள் அதைச் செய்தும் காட்டினாள், கற்றுக்கொடுத்தும் காட்டினாள், வாயாலும் சொல்லியிருக்கிறாள். நேற்றே முடிவு சொல்வதாக இருந்தார்கள், சொல்லவில்லை. வெளியே வந்த சமீருல்லா பாய் ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரத் தரையால் வந்த அசதி என்று நினைக்கிறேன்.

அக்கா, இந்தக் கடிதத்தை ராணிப்பேட்டைக்கும் குடியாத்தத்துக்கும் நீயே படித்துக் காட்ட வேண்டும். செய்தி எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே திருத்தமும் போக வேண்டும். காட்பாடியில் கையுறை அனுப்பிய மகராசன் யார் என்று தெரிந்தால் என் நன்றியைச் சொல். உன்னையும் மாமாவையும் நம் குலதெய்வம் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் குரல் இதே கணீரென்று இருக்கட்டும், அது கேட்கும் தூரம் மட்டும் கொஞ்சம் குறையட்டும். வரும்போது உங்கள் ஊர் மக்கன் பேடா இனிப்பு கொண்டுவா. ஜோதிக்கு இப்போது எவ்வளவு போட்டாலும் போதவில்லை.

மகளைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய வைத்திருக்கும்,
உன் தம்பி
பஞ்சாட்சரம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் ஜோதியிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிக்கு முந்தைய பத்தியில் நின்றுவிட்டாள். "உள்ள நான் இன்னா சொன்னேன்னு யார்கிட்டப்பா கேட்டே?" என்றாள். "யாரைக் கேக்கணும்? எனக்குத் தெரியாதா?" என்றேன். "ஸ்குவாட்னு சொன்னேன்பா" என்றாள். கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். "ரங்கம்மா அக்காவுக்கு நான் பின்னால நின்னு சொல்லிக்கினே இருந்ததால வந்துச்சு. ரூம்ல ஒரே நேரத்துல இருவது பேர் வருவாங்க. எத்தினி பேர் பின்னால நிக்கறது? தரை என்னிக்கு ஈரமா இருக்கும்னு யாருக்குத் தெரியும்? சுகரா ஆன்ட்டி ஒருதரம் எழுந்தப்புறம் கம்பியே இல்லாம தானா செஞ்சிக்கினே இருந்தாங்க பாத்தியா? எனக்கு நல்லா வருதுன்றதுக்காக எல்லாரையும் அதையே செய்ய வைக்க முடியுமா?" என்றாள். "ஏம்மா, இந்த வேலைதான் வேணும்னு சொன்னியே?" என்று கேட்டேன். "வேணும்பா. அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?" என்றாள். செல்லம்மாள் அடுப்பங்கரையிலிருந்து, "ஊர்ல ஒருத்தர் விடாம கேட்டாரு. பெத்த பொண்ண மட்டும் கேக்கல. பெரிய பேப்பர்காரரு!" என்றாள்.

இதோடு முடியவில்லை. முபஷ்ஷிரா இப்போதுதான் போன் செய்தாள். ஜோதி ஸ்பீக்கரில் போட்டாள். உள்ளே அவள் பவர் க்ளீன் என்று சொல்லிவிட்டாளாம். "நீ ரங்கம்மா அக்காவுக்குச் சொல்லிக்குடுத்ததைப் பாத்துட்டு எனக்கு வேற இன்னா சொல்றதுன்னே தெரியல தோஸ்த். இவ்ளோ நாளா ஸ்குவாட்டே உலகம்னு இருந்துட்டேன்" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சமீருல்லா பாய் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இப்போது தெரிந்தது. போன் செய்து கேட்டேன். "பஞ்சு சார், ஒருத்தி தூக்கினது ஒண்ணு, சொன்னது ஒண்ணு. இன்னொருத்தி அதையே திருப்பிப் போட்டா. நாங்க எதுக்கு மார்க் போடறது, சொல்லுங்க?" என்றார்.

ஆகவே, மேலே நான் எழுதிய முடிவு தவறு, வருந்துகிறேன். பெருமையில் மாற்றமில்லை, அதன் காரணம் மட்டும் மாறியிருக்கிறது. அறுபது கிலோ நிற்கிறது. குழு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு மறுபடி கூடுகிறது; முடிவு அன்று மாலைக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. அதுவரை நீ யாருக்கும் போன் செய்யாதே.